வெளியேறும் புகையை எஞ்சின் திரும்ப இழுப்பது ஏன்? கார்களில் 'இஜிஆர்' செயல்படும் விதம்

ஸ்ரீரங்கப்பட்டணம்: பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும் டீசல் கார் ஒன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள் செல்வதற்காகப் புறவழிப் பாதையிலிருந்து விலகி, பழைய கோட்டைச் சுவரைக் கடந்து, ரங்கநாத சுவாமி கோயிலை நோக்கி ஊர்ந்து செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநருக்குத் தெரிவது வேகம் குறைந்தது மட்டுமே. ஆனால், பானட்டுக்கு அடியில் அந்தச் சில நிமிடங்களில் வேறொன்றும் நடக்கிறது. நெடுஞ்சாலையில் சிறிதளவே திறந்திருந்த ஒரு வால்வு இப்போது அகலமாகத் திறந்து, சைலன்சர் வழியாக வெளியேற வேண்டிய புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்பத் தொடங்குகிறது.

எரிந்து முடிந்த புகையை எஞ்சின் எதற்காக மறுபடியும் உள்ளிழுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கார் வைத்திருப்போர் பலரும் 'இஜிஆர்' என்ற மூன்றெழுத்தை முதன்முதலாகக் கேள்விப்படுவது, டேஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்தும் நாளில்தான். அன்று அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று, அந்த வால்வைத் தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்பது. அது சட்டப்படி குற்றம். இருந்தும், வழக்கமான புகைப் பரிசோதனையில் அத்தகைய வாகனம் எளிதாகத் தேர்ச்சி பெற்றுவிடும். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, சிலிண்டருக்குள் நடப்பதை முதலில் அறிய வேண்டும்.

வெப்பம் பெற்றெடுக்கும் நச்சு

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். எரிபொருள் எரிவதற்குத் தேவைப்படுவது ஆக்சிஜன் மட்டுமே. நைட்ரஜன் அழையா விருந்தாளியாக உடன் வந்து, பெரும்பாலும் எதிலும் பங்கேற்காமல் அப்படியே வெளியேறுகிறது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மிக வலிமையான மும்மைப் பிணைப்பால் இணைந்திருப்பதே இதற்குக் காரணம். சாதாரண வெப்பநிலையில் அந்தப் பிணைப்பு உடைவதில்லை.

ஆனால், சிலிண்டருக்குள் சுவாலையின் வெப்பநிலை சுமார் 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடாக மாறத் தொடங்குகின்றன. வெப்பம் மேலும் உயர உயர, இந்த வினையின் வேகம் பன்மடங்காகப் பெருகுகிறது. இந்த வேதிவினையின் போக்கை 1940-களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச். அவர் பெயரால்தான் இது இன்றும் பாடநூல்களில் அறியப்படுகிறது.

வெளியேறிய நைட்ரிக் ஆக்சைடு காற்றில் கலந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. இரண்டையும் சேர்த்து 'நாக்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கின்றனர். இது நுரையீரலின் காற்றுக் குழாய்களை எரிச்சலுக்கு உள்ளாக்கி, ஆஸ்துமாவைத் தீவிரப்படுத்துகிறது. வெயிலில் பிற வாயுக்களுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாகவும், அம்மோனியாவுடன் சேர்ந்து நுண்துகள்களாகவும் மாறுகிறது. தரைமட்ட ஓசோன் மனிதர்களை மட்டுமின்றி நெல், கோதுமை போன்ற பயிர்களின் விளைச்சலையும் பாதிக்கக் கூடியது. மேலும், அது உருவாவதற்குச் சில மணி நேரம் பிடிப்பதால், நகரத்து வாகனங்களின் புகை காற்றோடு நகர்ந்து சென்று, ஊருக்கு வெளியே உள்ள வயல்வெளிகளிலும் விளைவைக் காட்ட முடியும். நெல்லும் கரும்பும் விளையும் மண்டியா மாவட்டத்தின் நடுவே ஆறு வழிச் சாலை ஒன்று ஓடும் சூழலில், இது ஏட்டளவிலான கவலை அல்ல.

நைட்ரஜன் டை ஆக்சைடு ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் தேசிய தரநிலை. உலக சுகாதார அமைப்பு 2021-இல் தனது பரிந்துரை அளவை 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

புகையே தீயைத் தணிக்கும் விதம்

நாக்ஸ் உருவாவதற்கு மிகுந்த வெப்பமும் ஆக்சிஜனும் தேவை என்றால், இரண்டையும் சற்றுக் குறைப்பதே தீர்வு. அதற்குப் பொறியாளர்கள் தேர்ந்தெடுத்த பொருள், எஞ்சினிலேயே இலவசமாகக் கிடைக்கும் புகை.

எரிந்து முடிந்த புகையில் பெருமளவு நைட்ரஜனும், அதனுடன் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உள்ளன. எரியக் கூடிய ஆக்சிஜன் அதில் குறைவு. இந்தப் புகையைப் புதிய காற்றுடன் கலந்து சிலிண்டருக்குள் அனுப்பினால், மொத்தக் கலவையில் ஆக்சிஜனின் விகிதம் குறைகிறது. எரிதல் சற்று நிதானமாக நடைபெறுகிறது. அதே வேளையில், கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஒரே அளவு வெப்ப உயர்வுக்கு வறண்ட காற்றைவிட அதிக வெப்பத்தை ஏற்றுக்கொள்பவை. கொதிக்கும் உலையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்குவதைப் போல, இந்த வாயுக்கள் சுவாலையின் உச்ச வெப்பநிலையைக் கீழே இழுத்துவிடுகின்றன. உச்சம் சிறிது குறைந்தாலே நாக்ஸ் பெருமளவு குறைகிறது.

'எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன்' என்பதன் சுருக்கமே இஜிஆர். தமிழில் இதனை 'வெளியேற்று வாயு மறுசுழற்சி' என்று எழுதுவது வழக்கம். ஆனால், மறுசுழற்சி என்றதும் பழைய பிளாஸ்டிக்கைப் புதிய பொருளாக்குவது போன்ற எண்ணம் எழுகிறது. இங்கே புகை எந்தப் புதிய பயனுள்ள பொருளாகவும் மாற்றப்படுவதில்லை. எரிபொருளாகவும் அது பயன்படுவதில்லை. எரிதலைத் தணிக்கும் ஒரு நிரப்பியாக மட்டுமே அது திரும்பி வருகிறது. எனவே இக்கட்டுரையில் மெக்கானிக்குகள் சொல்வதைப் போலவே இஜிஆர் என்றே குறிப்பிடப்படுகிறது.

அமைப்பைப் பொறுத்தவரை பாகங்கள் அதிகமில்லை. புகை வெளியேறும் குழாயையும் காற்று உள்ளே வரும் குழாயையும் இணைக்கும் ஒரு கிளைக்குழாய், அதன் நடுவே மின்சாரத்தாலோ வெற்றிட விசையாலோ இயங்கும் வால்வு, பல நூறு டிகிரி சூட்டில் வரும் புகையை எஞ்சினின் கூலன்ட் நீரைக் கொண்டு குளிரச் செய்யும் கூலர் ஆகியவையே முக்கியமானவை. புகையைக் குளிர்விப்பதால் அதன் கன அளவு சுருங்கி, சிலிண்டருக்குள் அதிகப் புகையைச் செலுத்த முடிகிறது. தணிக்கும் திறனும் கூடுகிறது.

வால்வு எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. உள்ளே வரும் புதிய காற்றின் அளவைச் சொல்லும் சென்சார், எஞ்சினின் வெப்பநிலை, ஆக்சிலரேட்டர் மிதிக்கப்படும் அளவு ஆகியவை அதற்குக் கிடைக்கும் தகவல்கள். டீசல் காரில் பாரம் குறைவாக, மெதுவாகச் செல்லும்போது உள்ளே செல்லும் வாயுவில் பாதியளவு வரைகூட புகையாக இருக்கலாம். முந்திச் செல்வதற்காக ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்தால் வால்வு மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு துளி ஆக்சிஜனும் தேவை. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும் புகையின் அளவு கட்டுப்படுத்தப்படுகிறது.

டர்போ உள்ள டீசல் எஞ்சின்களில் புகையை எங்கிருந்து எடுப்பது என்பதில் இரண்டு முறைகள் உள்ளன. டர்போவுக்கு முன்பே எடுத்தால் அழுத்தம் அதிகம், உடனடியாகப் பலன் கிடைக்கும். ஆனால் புகையில் கரி மிகுந்திருக்கும். கரியை வடிகட்டும் ஃபில்டரைக் கடந்த பிறகு எடுத்தால் புகை சுத்தமாகவும் குளிர்ந்தும் இருக்கும். ஆனால் அது நெடுந்தூரம் சுற்றி வர வேண்டும். சில கார்களில் இரண்டும் உண்டு.

பெட்ரோல் காரில் வேறு கதை

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் இஜிஆர் பரவலாக அறிமுகமானபோது அது பெட்ரோல் கார்களுக்கான ஏற்பாடாகவே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்கு வாகனங்களே முக்கியக் காரணம் என்று விஞ்ஞானி ஏரி ஹாகன்-ஸ்மித் 1950-களில் நிறுவியதைத் தொடர்ந்து வந்த விதிமுறைகளின் விளைவு அது. பின்னர், நாக்ஸையும் சேர்த்து மூன்று மாசுகளை ஒருசேர நீக்கும் வினையூக்கி மாற்றி வந்தது. அது இயங்குவதற்குப் புகையில் உபரி ஆக்சிஜன் இருக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் அது சாத்தியம். எப்போதும் தேவைக்கு அதிகமான காற்றுடன் எரியும் டீசல் எஞ்சினில் அது இயலாது. இஜிஆர் டீசல் கார்களோடு பிரிக்க முடியாதபடி இணைந்துபோனது இதனால்தான்.

ஆயினும், பெட்ரோல் எஞ்சினில் இஜிஆர் இன்று புதிய காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது: எரிபொருள் சிக்கனம். பெட்ரோல் கார் மெதுவாகச் செல்லும்போது, காற்று நுழையும் த்ராட்டில் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். அடைத்த மூக்கின் வழியே மூச்சிழுப்பதைப் போல, பிஸ்டன் ஒவ்வொரு முறையும் வெற்றிடத்துக்கு எதிராக உழைத்து ஆற்றலை வீணாக்குகிறது. புகையையும் கலந்து அனுப்பினால், அதே இழுவிசைக்கு அந்தக் கதவை அதிகம் திறந்து வைக்கலாம், உழைப்பு குறைகிறது. எரிதல் வெப்பம் தணிவதால் 'நாக்கிங்' எனப்படும் தட்டல் சத்தமும் கட்டுப்படுகிறது.

இதற்கான உதாரணம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரும் அதே சாலையிலேயே இருக்கிறது. பெங்களூரை அடுத்த பிடதியில் உள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில் டீசலில் ஓடும் இன்னோவா கிரிஸ்டாவும், பெட்ரோல் ஹைப்ரிட் வகையைக் கொண்ட இன்னோவா ஹைகிராஸும் தயாராகின்றன. ஹைகிராஸின் ஹைப்ரிட் வகையில் உள்ள 2 லிட்டர் எஞ்சின் குடும்பத்தை டொயோட்டா 2018-இல் அறிவித்தபோது, ஹைப்ரிட் வடிவில் அதன் வெப்பத் திறன் 41 சதவீதம் என்று தெரிவித்தது. குளிர்விக்கப்பட்ட புகையைத் திரும்பச் செலுத்துவது அந்தத் திறனை எட்ட உதவிய உத்திகளில் ஒன்று. தனியாக இஜிஆர் வால்வே இல்லாத பெட்ரோல் கார்களும் பல உண்டு. அவற்றில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றியமைத்து, சிறிதளவு புகையைச் சிலிண்டருக்குள்ளேயே தங்க வைத்துவிடுகின்றனர்.

கரி எனும் விலை

இலவசமாகக் கிடைத்த தீர்வுக்கு டீசல் எஞ்சின் வேறு வகையில் விலை கொடுக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் நாக்ஸ் குறையும். ஆனால் எரிபொருள் முழுமையாக எரியாமல் கரித்துகள் அதிகரிக்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் இந்த இழுபறி, டீசல் பொறியியலின் தீராத தலைவலி.

அந்தக் கரி இஜிஆர் குழாய் வழியே திரும்பி வருகிறது. எஞ்சினின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஆயில் ஆவியும் காற்றுப் பாதையில் வந்து சேர்கிறது. வறண்ட கரி மட்டும் என்றால் பெரும்பகுதி பறந்து போயிருக்கும். ஆயிலுடன் சேர்ந்ததால் அது தார் போன்ற பசையாகி, வால்விலும் காற்றுக் குழாயின் உட்சுவரிலும் அப்பிக்கொள்கிறது. எஞ்சின் சூடேறும் முன்பே அணைக்கப்படும் குறுகிய பயணங்களும், தசரா காலத்தில் மைசூருவிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் காணப்படும் ஊர்ந்து செல்லும் போக்குவரத்தும் இந்தப் படிவை விரைவுபடுத்துகின்றன. அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுவது படிவு சேர்வதை ஓரளவு தாமதப்படுத்தும். ஏற்கெனவே இறுகிவிட்டதை அது கரைத்துவிடாது. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோதான் வழி.

வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் ஐடிலிங்கில் உதறும், இழுவை குறையும், கரும்புகை வரும். மூடிய நிலையில் சிக்கினால் டீசல் காரின் ஓட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியாமலேகூட போகலாம். நாக்ஸ் மட்டும் உயர்ந்துகொண்டிருக்கும்.

கூலரில் ஏற்படும் பழுது இவற்றைவிடக் கவலைக்குரியது. தென் கொரியாவில் 2018-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றின. ஒரு லட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இஜிஆர் கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், கரிப் படிவுடன் சேர்ந்து, சூடான புகை பட்டதும் தீப்பிடித்ததே காரணம் என்று அந்நாட்டு விசாரணைக் குழு முடிவு செய்தது. நிறுவனத்துக்கு 1,120 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது. வெளியே எங்கும் கசிவு தெரியாமலேயே கூலன்ட் தொடர்ந்து குறையுமானால், அந்தக் கூலரையும் பரிசோதிக்கச் சொல்வது நல்லது.

கணினிக்குள் ஒளிந்திருந்த வரிகள்

இஜிஆரைக் கணினி கட்டுப்படுத்துகிறது என்பதிலேயே ஒரு வாய்ப்பும் ஒளிந்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்படி மென்பொருளை எழுதிவிட முடியும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 செப்டம்பர் 18-இல் ஃபோக்ஸ்வேகன் மீது வெளியிட்ட அறிவிக்கை அதைத்தான் அம்பலப்படுத்தியது.

இந்தியாவில் அந்நிறுவனக் குழுமம் அதே ஆண்டு டிசம்பரில், 'இஏ 189' வகை டீசல் எஞ்சின் கொண்ட சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் ரூ.500 கோடி அபராதம் விதித்தது. இந்திய விதிகளை மீறவில்லை என்று கூறிவந்த நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் உத்தரவிட்டது.

ஐரோப்பாவில் விவகாரம் இன்னொரு திருப்பத்தைக் கண்டது. குறையைச் சரிசெய்ய வழங்கப்பட்ட புதிய மென்பொருளிலேயே, வெளி வெப்பநிலை 15 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது மட்டுமே இஜிஆர் முழுமையாக இயங்கும் என்ற ஏற்பாடு இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் சென்றாலும் அதன் செயல்பாடு குறைக்கப்படும். இது தடை செய்யப்பட்ட ஏமாற்று ஏற்பாடே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூலை 14-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஐரோப்பிய வாகனங்களைப் பற்றியது. ஆனாலும், அந்த எண்களை நம் ஊர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். சுமார் 760 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூருவில் ஆண்டின் பல நாட்கள் அந்த வரம்புக்குள் அடங்கும். அங்கிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாக 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகைக்கு ஏறும் கார், காடுகளின் நடுவே எங்கோ ஓரிடத்தில் அந்த எல்லையைக் கடந்துவிடும்.

தகடு வைத்து அடைத்தால்...

டீசல் கார்கள் வெளியிடும் நாக்ஸுக்கு பிஎஸ்-4 விதியின் உச்சவரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதியில் அது 0.08 கிராம். இவ்வளவு பெரிய குறைப்பை இஜிஆரால் மட்டும் நிறைவேற்றுவது கடினம் என்பதால், நாக்ஸைப் பிடித்து வைக்கும் வினையூக்கியோ, யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜனாக மாற்றும் அமைப்போ கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. அதற்கான செலவே சிறிய டீசல் கார்களின் முடிவுக்கு வழிவகுத்தது. மாருதி சுசூகி 2020 ஏப்ரல் முதல் டீசல் கார் விற்பனையை முற்றிலும் நிறுத்திக்கொண்டது. 2023 ஏப்ரல் முதல் உண்மையான சாலை ஓட்டத்திலும் மாசு அளவு சோதிக்கப்படுகிறது.

ஆனால், இந்தச் சோதனைகள் எல்லாம் புதிய வாகனங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் கட்டத்தில் நடப்பவை. சாலையில் ஓடும் காருக்கு, கர்நாடகத்தில் 'எமிஷன் டெஸ்ட்' என்று சொல்லப்படும் புகைப் பரிசோதனை மட்டுமே உண்டு. அதில் டீசல் காரின் புகை எவ்வளவு அடர்த்தியாக உள்ளது என்று அளவிடப்படுகிறது. பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோ கார்பனும் பார்க்கப்படுகின்றன. நாக்ஸ் அளவிடப்படுவதே இல்லை. நைட்ரிக் ஆக்சைடு நிறமற்றது என்பதால் புகை அடர்த்திமானியில் அது தென்படாது. இஜிஆரை அடைத்துவிட்டால் கரி குறைவதால், காரின் புகை முன்பைவிடத் தெளிவாகத் தோன்றி, சான்றிதழ் இன்னும் சுலபமாகக் கிடைத்துவிடும். அடைக்கச் சொல்லும் மெக்கானிக்கின் வாதத்தில் உள்ள பாதி உண்மை இதுதான்: வண்டி உண்மையிலேயே நன்றாக இழுக்கும், கரும்புகையும் குறையும். கண்ணுக்குத் தெரியாத மாசு மட்டும் கூடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டுத் தரநிலைகளை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறை குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியும் 3 மாதங்களுக்குப் பறிபோகும். வாரண்டி காலத்தில் உள்ள கார் என்றால் அந்தச் சலுகையையும் இழக்க நேரிடலாம். பிஎஸ்-6 கார்களில் வால்வை அடைத்தால் கணினி அதனைக் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும், எஞ்சினின் ஆற்றலைக் குறைத்தும் விடலாம். அதனைத் தவிர்க்கக் கணினியின் மென்பொருளையே மாற்றித் தருவோரும் இருக்கின்றனர். கரி ஃபில்டர், யூரியா தெளிப்பு உள்ளிட்ட மற்ற அமைப்புகள் அனைத்தும் இஜிஆர் இயங்குவதாகக் கருதியே அளவமைக்கப்பட்டவை என்பதால், அத்தகைய மாற்றத்துக்குப் பிறகு அவையும் வடிவமைத்தபடி இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுத்தம் செய்யும் வேலைக்குப் பல கார்களில் சில மணி நேரமே பிடிக்கும். வால்வைக் கழற்றி, அதற்குரிய கரைப்பானில் கரியை அகற்றி, புதிய கேஸ்கெட் வைத்துப் பூட்டி, வால்வின் நிலையைக் கணினிக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்துவிட்டால், சுத்தம் செய்த பிறகும் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். பல பட்டறைகளில் 'வால்வு போய்விட்டது' என்று முடிவு கட்டப்படுவது இந்த இடத்தில்தான்.